மாட்டைப் படம் எடுக்கும் கலைச்செல்வி

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நான் இறங்கியபோது, நான் படமெடுக்க வந்த கல்யாணம் தள்ளிப்போயிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா புஷ்பா அக்கா எனக்காகக் காத்திருந்தார். முன்பின் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் கேமராப் பையும் முக்காலியும் சுமந்துகொண்டு திகைத்து நின்றவள் நான் ஒருத்திதான் என்பதால் நேராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் விமானத்தில் இருந்த நேரத்தில் அவர்களுடைய பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டாராம். இனி தை மாதம்தான் கல்யாணம். மலேசியாவில் ஈப்போவிலிருந்து கிளம்பவிருந்த பெண் வீட்டாரைத் தொலைபேசியில் தடுத்து நிறுத்திவிட்டார்கள். என்னைத்தான் பிடிக்க முடியவில்லை.

"எப்டி சொல்றதுன்னே தெரியலமா உனுக்கு. போன் போட்டுக்கினே இருந்தோம், சுட்ச் ஆஃப்னே வருது. வா, மொதல்ல வயித்துக்கு எதனா போடு."

ஈப்போவில் நான் படம் எடுத்துப் பிழைப்பவள். பெரும்பாலும் உணவகங்களின் மெனு அட்டைக்குத் தட்டு தட்டாகச் சாப்பாடு, வாடகைக்கு விடும் வீடுகள், எப்போதாவது ஒரு கல்யாணம். இந்தக் கல்யாணத்தை நம்பி வேறு வேலைகளை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போக இன்னும் ஒரு வாரம் இருந்தது. கலக்கத்தோடு அவர் பின்னால் நடந்தேன்.

நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன மெஸ். இட்லியோடு வந்த சட்னி தேங்காயும் இல்லை, தக்காளியும் இல்லை. "மல்லாட்ட சட்னி," என்றார் புஷ்பா அக்கா. நிலக்கடலையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வறுத்த வாசனையும் பூண்டுக் காரமுமாக அதைத் தொட்டு முதல் இட்லியைத் தின்றதும் கலக்கம் பாதி இறங்கியது. பரிமாறியவரிடம், "நீங்க பசியாறிட்டீங்களா?" என்று, சாப்பிட்டாச்சா என்பதை எங்கள் ஊரில் கேட்கும் விதத்தில் விசாரித்தேன். அவர் பதறிப்போய், "இன்னும் ரெண்டு வெக்கட்டுங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டுப் போனார். எனக்கு இன்னும் பசி ஆறவில்லை என்று நினைத்துவிட்டார் போல.

என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, புஷ்பா அக்கா தன் வீட்டுப் படங்களைத் தொலைபேசியில் தள்ளித் தள்ளிக் காட்டினார். மருமகளுக்காகக் கட்டிய அறை, வாசல் கோலம், தென்னை. நடுவில் ஒரு மாட்டின் படம் வந்தது. நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

காலை வெயில் பக்கவாட்டில் விழ, ஒரு செவலைக் கலப்பினப் பசு நின்றது. நான்கு கால்களும் ஒன்றையொன்று மறைக்காமல் தனித்தனியாகத் தெரிந்தன. பின்னங்கால்களுக்கிடையே மடி நிறைந்து தொங்கியது. காதுகள் இரண்டும் முன்னால் விரிந்து, யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பது போல ஒரு முகம். பின்னணியில் மங்கலான பச்சை. வேறொன்றும் இல்லை.

"இத யாருக்கா எடுத்தது?"

"இந்த போட்டோவ பாத்துதான் மாட்டையே வாங்குனோம். திண்டிவனத்துல கலைச்செல்வின்னு ஒரு பொண்ணு. மாட்ட படம் புடிச்சி வாட்ஸப்ல போடும். அதான் அதுக்குத் தொழிலே."

மாட்டைப் படம் பிடிப்பது தொழிலா? அன்று மாலையே கலைச்செல்விக்குப் போன் செய்தேன். "வாங்கக்கா, நாளைக்கி ஆறு மாடு இருக்குது," என்றாள், ஏதோ நான் மாதக்கணக்காக அவளோடு வேலை செய்பவள் போல.

மறுநாள் திண்டிவனம் போகும் பேருந்து விக்கிரவாண்டியைத் தாண்டியதும் பின்சக்கரம் வெடித்து நின்றது. எங்கள் ஊரில் என்றால் அவரவர் தொலைபேசியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மாற்றுப் பேருந்துக்குக் காத்திருப்போம். இங்கே சாலையோரம் ஒரு குடும்பமே உருவாகிவிட்டது. ஒரு அம்மாள் பூக்கூடையைக் கீழே வைத்து, "ஜல்தியா போவலாம்னு இதுல ஏறுனேன், பேஜாரு புடிச்ச பஸ்சு," என்று நடத்துநரைப் பார்த்துச் சத்தம் போட்டார். நடத்துநர், "நான் இன்னா ஆணியா போட்டேன்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மாளும்தான். அடுத்து வந்த பேருந்தில் என் முக்காலியை யாரோ வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்வரை அவர் முகம் எனக்குத் தெரியவே இல்லை.

கலைச்செல்வி ஸ்கூட்டரில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சுடிதாருக்கு மேல் கணவரின் பழைய சட்டை, முதுகில் கேமராப் பை. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் தேய்க்கும் பிரஷ், பழைய துணி, தேங்காய் எண்ணெய்ப் புட்டி.

"குளிப்பாட்டித் தொடச்சி எண்ண தடவுனாதான் தோலு மின்னும். கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போட்ட கைதானே," என்றாள்.

போகும் வழியில் கதையைச் சொன்னாள். அவளும் கணவரும் ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். எல்லார் கையிலும் நல்ல கேமரா வைத்த தொலைபேசி வந்ததும் வேலை குறைந்துகொண்டே போனது. கணவர் ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டப் போய்விட்டார். அப்போது வீட்டு மாட்டை விற்க வேண்டி வந்தது.

"புரோக்கருங்க வந்து துண்டப் போட்டு கைய மூடிக்கினு வெரல புடிச்சி பேசிக்கிறாங்க. எம் மாடு இன்னா வெல போவுதுன்னு எனக்கே தெரில. கோவம் வந்துச்சி. ஸ்டூடியோ கேமராவ எடுத்தாந்து, பொண்ணு பாக்குறதுக்கு எடுக்கறா மாதிரி சுத்தி சுத்தி எடுத்து, விவசாயிங்க குரூப்ல போட்டேன். வேலூர்லேர்ந்து வண்டி எடுத்துக்கினு வந்தாங்கக்கா."

பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். பிறகு பக்கத்து ஊர். இப்போது அவளுக்கு மாடு ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே கூலி. நான்கு பக்கமும் படம், வாங்குகிறவர்கள் ராசி பார்க்கும் முதுகுச் சுழி தெரிய ஒரு படம், மடி ஒரு படம், நடக்கும்போதும் கறக்கும்போதும் வீடியோ. விற்றாலும் விற்காவிட்டாலும் கூலி அதேதான். விலையில் பங்கு கேட்பதில்லை.

அன்று பெருமுக்கல் கிராமத்தில் முதல் மாடு. எனக்குக் கை பரபரத்தது. பின்னால் மலை, அதன் உச்சியில் கோயில், நீல வானம். நான் மலையோடு சேர்த்து எடுக்க இடம் பார்த்தேன். கலைச்செல்வி மாட்டை எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டினாள்.

"மல அழகா இருந்தா மாடு சின்னதா தெரியும்க்கா."

ஒளி போதவில்லை என்று நான் மடக்கி வைத்திருந்த, வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளித் தட்டியைப் பிரித்தேன். அது பளீரென்று விரிந்ததும் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கரும்புக்குள் ஓடிவிட்டது. வீட்டுக்காரரும் நாங்களும் அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவதற்குள் என் சேலை முழுக்கச் சேறு. "மலேசியால மாடே கெடியாதா?" என்று வீட்டுக்காரர் உண்மையிலேயே கவலையோடு கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காதுகளின் ரகசியம் தெரிந்தது. மாட்டைச் சரியாக நிறுத்தியதும் கலைச்செல்வி தொலைபேசியை என் கையில் கொடுத்து, தன் தலைக்குப் பின்னால் பிடிக்கச் சொன்னாள். அதில் கன்றுக்குட்டி கத்தும் ஒலியைப் பதிவு செய்து வைத்திருந்தாள். ஒரே ஒரு "ம்மா". மாடு சட்டென்று காதை முன்னால் விரித்து நிமிர்ந்தது. அந்த ஒரு நொடியில் அவள் நாலைந்து படம் எடுத்துவிட்டாள். எங்கள் ஊரில் குழந்தைகளைச் சிரிக்க வைக்க நான் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் வீட்டுக்காரரையும் அவர் மனைவியையும் மாட்டோடு மலை தெரிய நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். அதைப் பார்த்த மனைவி, "இத பெருசா போட்டு மாட்டணும், மாடு போனாலும் இது இருக்கட்டும்," என்றார். அச்சுப் போட அப்போதே கலைச்செல்வியிடம் முன்பணம் கொடுத்தார். "பாத்தீங்களா, ஒங்களுக்கும் ஒரு ஆர்டர்," என்று அவள் என் தோளில் இடித்தாள். மத்தியானம் அவர்கள் வீட்டிலேயே கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முதல் உருண்டை தொண்டையில் நின்றது. மூன்றாவது உருண்டைக்கு நானே கை நீட்டினேன்.

மூன்றாம் நாள் நாகப்பன் கொட்டகைக்குப் போனோம். அது திண்டிவனத்துக்கு வெளியே இருந்தது. அவர் மாட்டு வியாபாரி. கலைச்செல்விக்கு மாதாமாதம் தவறாமல் வேலை கொடுப்பவர். "இவரு இல்லன்னா மாசத்துல பாதி நாளு வீட்லதான் குந்தியிருக்கணும்," என்று வழியிலேயே சொல்லியிருந்தாள்.

கொட்டகையில் வரிசையாக மாடுகள். தண்ணீர்த் தொட்டி ஓரம் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் ஆரோக்கியமேரி. கடைசியில் கட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் பசு அவருடையது. கூலி வேலை செய்து வாங்கி வளர்த்த மாடு. இடுப்பு வலியால் இனிப் புல் அறுக்க முடியாது என்று, தாம்பரத்தில் இருக்கும் மகளிடம் ஞாயிற்றுக்கிழமை போகிறார். அதற்குள் விற்றுத் தருகிறேன் என்று சொல்லி நாகப்பன் மாட்டை ஓட்டி வரச் சொல்லியிருந்தார். பேச்சு மட்டும்தான், பணம் ஏதும் கைமாறவில்லை.

மற்ற மாடுகள் முடிந்து அந்தப் பசுவிடம் வந்தோம். கலைச்செல்வி குனிந்து மடியைப் பார்த்தாள். வலப்பக்கப் பின்காம்பு சுருங்கிப் போயிருந்தது. எப்போதோ மடிநோய் வந்து, அந்தக் காம்பில் பால் நின்றுவிட்டது. மூன்று காம்பு மாடு.

"தங்கச்சி, இத எடப்பக்கம் மட்டும் எடு. கறக்குற வீடியோ வாணாம்," என்றார் நாகப்பன்.

"நாலு பக்கமும் எடுக்காம போட மாட்டேன்ணே. தெரியுமில்ல ஒனக்கு."

"மூணு காம்புலயே எட்டு லிட்டரு கறக்குதும்மா! ஒண்ணு தெரியாம இருந்தா நல்ல வெலைக்குப் போவும். யாரு குனிஞ்சி பாக்கப் போறான்?"

"கறக்கறப்ப பாப்பாங்க. அப்ப என்னத்தான் திட்டுவாங்க."

நாகப்பன் என் பக்கம் திரும்பினார். சிரித்த முகம்தான், கெட்டவராகத் தெரியவில்லை. "நீங்க எடுங்கம்மா. வெளிநாட்டுக் கேமரா. இதுக்குக் குடுக்குற கூலிய வுட டபுளா தர்றேன்."

எனக்கு அந்த வாரம் வருமானமே இல்லை. ஒரு வீட்டைப் படம் எடுக்கும்போது எந்த மூலையில் நின்றால் அறை பெரிதாகத் தெரியும் என்று பார்த்து நிற்பது என் தொழில். இதுவும் அப்படி ஒரு கோணம்தானே என்று ஒரு கணம் மனது கணக்குப் போட்டது. கலைச்செல்வி என்னைப் பார்க்கவில்லை. வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் இவங்களோட வந்திருக்கேன்," என்றேன். கேமராவைப் பைக்குள் வைத்து மூடினேன்.

நாகப்பன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "அப்ப வேற ஆளப் பாத்துக்கறேன். எல்லா மாட்டுக்கும்தான். கெளம்பு."

கலைச்செல்வி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். சாலைக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் ஒரு கரும்புச்சாறு வண்டியோரம் நிறுத்தினாள். சாறு வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, தன் டம்ளரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"பயமா இருக்குதுக்கா. வூட்ல இன்னா சொல்றதுன்னு தெரில."

நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தபோது, சாறு பிழிகிறவர் சாலையைப் பார்த்து, "யாரோ ஒங்களத்தான் கூப்புடுறாங்க," என்றார்.

ஆரோக்கியமேரி ஒரு கையால் இடுப்பையும் மறு கையால் கயிற்றையும் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். பின்னால் அந்தக் கறுப்பு வெள்ளைப் பசு, அவசரம் ஏதுமின்றி அசை போட்டுக்கொண்டு. லாரிகள் ஒலியெழுப்பி விலகிப் போயின.

"எங்கிட்ட இன்னா சொன்னான் தெரியுமா அந்த ஆளு?" மூச்சு வாங்கப் பேசினார். "காம்பு போன மாடு, கறிக்குத்தான் போவும், அந்த வெலதான் தருவேன்னான். நானும் அழுதுக்கினு சரின்னுட்டேன். இப்ப ஒங்கிட்ட எட்டு லிட்டரு, நல்ல வெலைன்றான். நான் அங்கதான் குந்தினு இருக்கேன், என்ன மறந்துட்டான்! அவுத்துக்கினு வந்துட்டேன். நீயே எடும்மா. இருக்கறத இருக்கறா மாதிரி போடு."

"மூணு காம்புன்னு எழுதித்தான் போடுவேன்க்கா. கொஞ்ச பேருதான் கேப்பாங்க."

"கேக்கறவங்க கேக்கட்டும். எதுவோ, கறியா யாரு வயித்துலயும் போயி சேராம இருந்தா சரி."

கலைச்செல்வி டம்ளரை ஒரே மடக்கில் காலி செய்தாள்.

ஆரோக்கியமேரியின் வீடு ஒரு மைல் தொலைவில் காலனியில் இருந்தது. ஸ்கூட்டரை மாட்டின் வேகத்துக்கு மெதுவாக உருட்டிப் போனோம். பசுவைக் குளிப்பாட்டினோம். நான்கு பக்கமும் சுழியும் கலைச்செல்வி எடுத்தாள். மடிப் படம்தான் வரவில்லை. வயிற்றுக்கடியில் இருட்டு, அந்தச் சுருங்கிய காம்பு கறுப்பு நிழலில் காணாமல் போனது.

இது என் வேலை என்று எனக்குப் பட்டது. கிண்ணத்து ஓரத்தில் கிடக்கும் ஒரு கறிவேப்பிலையைத் துலங்க வைப்பதில்தானே என் காலம் போகிறது. ஆரோக்கியமேரியிடம் சோறு சாப்பிடும் எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கேட்டேன். தரையில் குப்புறப் படுத்து, தட்டை மெல்லச் சாய்த்து வெயிலை வாங்கி மடிக்கு அடியில் அனுப்பினேன். சாணிக்குப் பக்கத்தில் கன்னம். நான்கு காம்பும், அதில் ஒன்று சிறுத்திருப்பதும், சின்னச் சுருக்கம்கூடத் தெளிவாக விழுந்தன. மாலை ஆரோக்கியமேரி கறக்க, பாத்திரத்தில் நுரை ஏறுவதை வீடியோ எடுத்தேன். கலைச்செல்வி தன் குரலிலேயே பேசினாள்: "மூணாம் ஈத்து. மூணு காம்புதான் கறக்கும். நாலாவது காம்புல பாலு இல்ல, பாத்துக்குங்க."

எல்லாவற்றையும் வாட்ஸப் குழுக்களில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தொலைபேசி அடித்தது. மூன்று காம்பா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர்கள்தான் அதிகம். இரண்டு பேர் எடை கேட்டார்கள். எடை கேட்டால் கறிக்கு என்று அர்த்தமாம், அவள் பதில் சொல்லாமல் துண்டித்தாள். நாங்கள் வேறு மாடுகளை எடுக்கப் போனோம். அவள் வழக்கம் போலப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாலும், தொலைபேசி ஒலிக்கும் போதெல்லாம் நாகப்பனாக இருக்குமோ என்று பார்ப்பது தெரிந்தது. அவர் கூப்பிடவில்லை. நான் ஊர் திரும்பி இதை எழுதும்வரைக்கும் கூப்பிடவில்லை. அந்த வேலையைத் தன் தங்கை கணவருக்குக் கொடுத்துவிட்டாராம். கலைச்செல்வி இப்போது செஞ்சிப் பக்கம் ஆடுகளும் எடுக்கப் போகிறாள். "ஆடு ஒரு எடத்துல நிக்கவே மாட்டுதுக்கா," என்று குரல்செய்தி அனுப்பியிருந்தாள். பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது.

சனிக்கிழமை மத்தியானம், ஆரோக்கியமேரி துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கணவனும் மனைவியும் சின்னச் சரக்கு வண்டியோடு வந்து இறங்கினார்கள். மேல்சித்தாமூர்க்காரர்கள். சமணக் குடும்பம், கறி தொடாதவர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்கள். அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வெளியூரில். வீட்டுக்குப் பாலும் தயிரும் வேண்டும், விற்பதற்கு இல்லை.

"நாலு காம்பு மாடு வாங்கி நாங்க ரெண்டு பேரு இன்னா பண்றதுங்க?" என்றார் அந்த அம்மாள்.

கணவர் அவ்வளவு சுலபமாக நம்புகிறவராகத் தெரியவில்லை. தொலைபேசியில் எங்கள் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மாட்டைச் சுற்றி வந்தார். இடது பக்கம் நின்று படம், மாடு. பின்னால் நின்று படம், மாடு. சுழியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, என் தட்டு வெளிச்சத்தில் எடுத்த அந்த மடிப் படத்தை மடிக்குப் பக்கத்திலேயே பிடித்துப் பார்த்தார். என் படத்தை இவ்வளவு நேரம், இவ்வளவு சந்தேகத்தோடு, இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

நிமிர்ந்து மனைவியிடம் சொன்னார்: "படத்துல இருக்குற மாடுதான்."

"அப்ப எதுக்கு நின்னுக்கினு இருக்கீங்க? பேசி முடிங்க. பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்குப் போயி சாப்புடணும்."

துண்டு போடாமல், விரல் பிடிக்காமல், எல்லோர் முன்னாலும் வாயாலேயே விலை பேசினார்கள். நான்கு காம்பு மாட்டின் விலை இல்லை. கறி விலையைவிட மிக நன்றாக இருந்தது. ஆரோக்கியமேரி ஒரு முறை கூட்டிக் கேட்டார், அவர் கொஞ்சம் ஏற்றினார், முடிந்தது. கலைச்செல்வி தன் கூலியை வாங்கி, அங்கேயே பாதியை என் கையில் திணித்தாள். வேண்டாம் என்றேன். "இது தொழில்க்கா," என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக வாங்கிக்கொண்டேன்.

பசுவை வண்டியில் ஏற்றினார்கள். ஆரோக்கியமேரி அதன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு இறங்கினார். வண்டி கிளம்பப் போனது. அவர் திடீரென்று கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். அது படத்துல வராது." எல்லோரும் அவரைப் பார்த்தோம். கலைச்செல்வியின் முகம் வெளிறியது. "வலப்பக்கம் குந்திக் கறந்தா ஒதைக்கும்."

பெரியவர் வண்டிக்குள்ளிருந்து பசுவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"சரிங்க," என்றார். "எடப்பக்கமே குந்திக்கிறோம்."